அந்தப் படிவத்தில் எழுத வேண்டியவை

அன்புள்ள கதிர்,

ஆஸ்திரேலியாவில், டார்வினில் புது கிளினிக்கில் கொடுத்த படிவத்தில், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்ட இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்ததாகப் போனில் சொன்னாய். "முப்பத்திரண்டு வயசுல இதெல்லாம் எதுக்குப்பா" என்று வேறு கேட்டாய். உனக்கு எழுத நேரமில்லை. ஓய்வுபெற்ற எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. அதனால் நானே எழுதி அனுப்புகிறேன். ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்தே காலம் ஓட்டியவன், சொந்தப் பிள்ளையின் படிவம் காலியாக இருந்தால் சும்மா இருப்பேனா?

முதலில் சர்க்கரை. நம் வீட்டில் சர்க்கரை இல்லாதவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டும். உன் தாத்தா, பெரியப்பா, அத்தை, நான். சிங்கப்பூரில் சீனர்களைவிட நம்மவர்களுக்குத்தான் இது அதிகம் என்பது உனக்கும் தெரியும். 2016ல் சுகாதார அமைச்சு 'நீரிழிவுக்கு எதிரான போர்' என்றே அறிவித்தது. அப்புறம் 2022 டிசம்பர் முதல் பானங்களின் மேல் ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேட் முத்திரை வந்தது. நம் கோப்பிக்கடைக்காரருக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. 'சியூ தாய்', அதாவது சீனி குறைவு, என்று சொன்னாலும் அவர் கைக்கு என்ன வருமோ அதுதான் சீனி.

சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது. தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, புண் ஆறாமல் இருப்பது எல்லாம் நோய் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு தெரிபவை. அதற்கு முன்னால் உடம்பு காட்டும் ஓர் அடையாளம் உண்டு. உன் அத்தையின் கழுத்துக்குப் பின்னால், சட்டைக் காலர் உரசும் இடத்தில், வெல்வெட் துணிபோலக் கறுப்பாகத் தடித்திருக்கும். அவள் அதை அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாள். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம். கண்ணாடியில் உன் கழுத்தைப் பார்த்துக்கொள். எடையையும் பார். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23 ஆனாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது.

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரை 7.0ஐத் தொட்டால் அது நீரிழிவு. தஞ்சாவூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் 126 என்பார்கள். அங்கே அலகு வேறு (நமக்கு லிட்டருக்கு மில்லிமோல், அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம்), நம் எண்ணை 18ஆல் பெருக்கிக்கொள். இது தெரியாமல் ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒருவர் போனில் பதறுகிறார்கள்.

இனி, உனக்கு மட்டும் உள்ள விஷயம். உனக்கு ஜி6பிடி குறைபாடு உண்டு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி உனக்குக் குறைவு. பிறந்த அன்றே தெரியும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள். அதற்கு முன்பு இந்தக் குறைபாட்டால் மஞ்சள் காமாலை முற்றி, மூளை பாதிக்கப்பட்டு இறந்த குழந்தைகள் இருந்தார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்றை நீ பார்த்திருக்க வேண்டும். வடிதாளில் ரத்தப் பொட்டுகளை வரிசையாக வைத்து, இருட்டில் புற ஊதா விளக்கைப் போட்டால், சரியான ரத்தம் நீலமாக மின்னும். குறைபாடு உள்ள பொட்டு மட்டும் கறுப்பாகவே கிடக்கும். அவ்வளவுதான் சோதனை.

இது தாய் வழியாக மகனுக்கு வருவது, இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண நாளில் உனக்கு இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. சில பொருள்கள் உள்ளே போனால்தான் சிவப்பணுக்கள் உடையும். அலமாரியில் போடும் அந்துருண்டை, ஃபாவா பீன்ஸ், மலேரியாவுக்கான பிரிமாக்குவின், தொழுநோய்க்கான டாப்சோன் ஆகியவை முக்கியமானவை. சீன மருந்தான ஹுவாங் லியானுக்கு இதே காரணத்தால்தான் இங்கே 1978ல் தடை போட்டு, பின்னாளில் எடுத்தார்கள். நீ சின்னவனாக இருந்தபோது அம்மா புடவை அலமாரியில் அந்துருண்டை வைக்காமல் வேப்பிலை போட்டுவைத்தது இதனால்தான். சிறுநீர் பால் சேர்க்காத கோப்பி ஓ நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், முகம் வெளுத்து மூச்சு வாங்கினால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அடுத்து வரும் விஷயத்துக்காகத்தான். சர்க்கரைக்கு இப்போது எல்லா இடத்திலும் எச்பிஏ1சி பார்க்கிறார்கள். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. உன் போன்றவர்களுக்குச் சிவப்பணு சீக்கிரமே போய்விடலாம். ஒட்டிக்கொள்ள நேரம் குறைவு, அதனால் உண்மையைவிட எண் குறைவாக வரலாம். அறிக்கையில் எல்லாம் நல்லபடியாகத் தெரியும், உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும். ஜி6பிடி என்று படிவத்தில் இருந்தால் மருத்துவர் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பார். நீ கோடு இழுத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

டார்வினுக்கே உரிய நோய் ஒன்றும் இருக்கிறது. மெலியோய்டோசிஸ். 1911ல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் முதலில் கண்டது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா, மழை பெய்தால் மேலே வரும். உங்கள் ஊரில் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை மழைக்காலம், அப்போதுதான் அதிகம். காலில் உள்ள கீறல் வழியாகப் போகலாம், புயல்மழையில் காற்றோடு மூச்சிலும் போகலாம். காய்ச்சல், இருமல், நிமோனியா, ஆறாத கொப்புளம், சில சமயம் கல்லீரலில் சீழ் என்று ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு மாதிரி காட்டும். காசநோய் என்றே நினைத்துவிடுவார்கள். சிங்கப்பூரிலும் இது உண்டு. ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்க்கும் தட்டில் முதல் நாள் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நாலாம் நாள் பார்த்தால் சுருங்கிக் காய்ந்த பூப்போல ஊதா நிறத்தில் இருக்கும். மண் வாசனை அடிக்கும் என்பார்கள். ஆனால் தட்டை முகர்ந்து பார்ப்பது கண்டிப்பாகக் கூடாது என்பது எங்கள் விதி, மூச்சில் போய்விடும்.

ஆரோக்கியமான ஆளை இது பெரும்பாலும் விட்டுவிடும். டார்வினில் 1989லிருந்து தொடர்ந்து நடக்கும் ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அதே ஆய்வில், தொடக்க ஆண்டுகளில் 31 விழுக்காடாக இருந்த இறப்பு பின்னாளில் 6 விழுக்காடாகக் குறைந்தது. சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுப்பது அதில் பெரும்பங்கு. குறைந்தது பத்துப் பதினாலு நாள் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. அந்த மாத்திரை வழக்கமாகக் கோட்ரைமாக்சசோல். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கும் முன் மருத்துவர்கள் யோசிப்பார்கள். அரிய நோய் என்று ஒதுக்கினாலும், எங்கும் உள்ள சர்க்கரையும் உன் பிறவிக் குறைபாடும் அதோடு வந்து முடிச்சுப் போட்டுக்கொள்வதைப் பார்.

டெங்கியை நீ மறந்திருக்க மாட்டாய். 2020ல் இங்கே 35,000 பேருக்கு மேல் வந்தது, ஈசூனில் நம் புளோக்கின் கீழே சிவப்புப் பதாகை தொங்கியது. கொவிட்டா டெங்கியா என்று தெரியாமல் எல்லாரும் திணறிய ஆண்டு. நாலாம் நாள் உன் காய்ச்சல் இறங்கியதும் அம்மா சந்தோஷமாகக் கஞ்சி வைத்தாள், பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். எனக்கோ அப்போதுதான் பயம். டெங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான். தட்டணு எண்ணிக்கையை மட்டும் எல்லாரும் கேட்பார்கள். அது இறங்கும்போதே ரத்தம் கெட்டியாகிறதா என்றும் பார்க்க வேண்டும், அதுதான் நீர் கசிகிறது என்று சொல்லும். பப்பாளிச் சாறு உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் நான் பார்த்ததில்லை. அக்காவின் மனதுக்காகக் குடிக்கலாம், டிரிப்புக்குப் பதிலாகக் குடிக்கக் கூடாது. டெங்கியில் நாலு வகை உண்டு, இரண்டாம் தடவை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே பொங்கலுக்கு இங்கு வரும்போது கொசு மருந்து பூசிக்கொள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமோல் மட்டும் போடு, ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

இதயம் பற்றிச் சுருக்கமாக. அத்தைக்கு மாரடைப்பு வந்தபோது நெஞ்சு வலிக்கவே இல்லை. குமட்டல், வியர்வை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். வாயு என்று சொல்லி ஈனோ கலக்கிக் குடித்தாள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி வருவது உண்டு. ஆம்புலன்ஸுக்கு இங்கே 995, உனக்கு அங்கே 000. உன் அக்காவுக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறாமல், கடைசியில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றைச் சுமப்பவள் என்று தெரிந்ததையும் படிவத்தில் சேர். உனக்கும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் பார்த்துவிடு. பெண்ணுக்கும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கடுமையான தலசீமியாவோடு பிறக்க.

ஆக, படிவத்தில் எழுத வேண்டியவை: அப்பா, தாத்தா, பெரியப்பா, அத்தைக்கு நீரிழிவு; அத்தைக்கு மாரடைப்பு, 58 வயதில்; அக்கா தலசீமியா சுமப்பவர்; உனக்கு ஜி6பிடி குறைபாடு; 2020ல் டெங்கி. வயதை விட்டுவிடாதே, மருத்துவர்கள் நோயின் பெயரைவிட அது எந்த வயதில் வந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நீ கட்டுமானத் தளத்தில் சேற்றில் நடப்பதாகச் சொன்னதிலிருந்து, உன் தேசிய சேவை பூட்ஸை அனுப்பிவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஸ்டோர்ரூமிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடிப்பாகம் கையோடு உதிர்ந்து வருகிறது. அங்கேயே முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொள். கையுறையும் வாங்கு. காலில் கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டுக்கொண்டு போ. பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா