ஓடைத் தண்ணில கரண்ட் எடுக்கவும், உண்ணிச்செடிய நாங்களே வேரோட எடுக்கவும் அனுமதி கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், ஊட்டி
அனுப்புநர்: கூடலூர் தாலுகா, காட்டு ஓரத்துல இருக்கிற 34 வீட்டுக்காரங்க

அய்யா வணக்கம். ஊருக்காக நான்தான் போன்ல டைப் பண்றேன், பேசுற மாதிரியே வந்திருக்கு, தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க. திங்கக்கிழமை மனு நாளுக்கு நேர்ல வரணும்னா ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், பஸ் காசோட ஒரு நாள் கூலியும் போயிடும்.

எங்க ஊர்ல 26 பணியர் பழங்குடி வீடு, மிச்ச எட்டும் சிலோன்ல இருந்து வந்த குடும்பங்க. எல்லாமே பிரிவு 17 நிலம், அதாவது ஜன்மிங்கன்னு சொல்ற பழைய நெலக்காரங்க கையில இருந்த நெலத்த அரசு எடுத்துக்கப் போட்ட 1969 ஜன்மம் சட்டத்துல மாட்டிக்கிட்டு யாருக்குன்னு முடிவாகாமக் கெடக்குறது, பட்டா இல்ல, பட்டா இல்லன்னு கரண்ட் கனெக்சனும் இல்ல. பட்டா பெரிய விஷயம், அத இந்த மனுல கேக்கல.

ஆறு வருஷம் முன்னாடி வீட்டுக்கு ஒரு சோலார் லைட்டு வந்துச்சு, நல்லாத்தான் எரிஞ்சுச்சு, ஆனா ஆனி பொறந்து மழை புடிச்சா இங்க பத்து நாளு சேந்தாப்புல வெயில் மூஞ்சியே தெரியாது, மூடுபனி பேனல் மேலயே படுத்துக் கெடக்கும், சார்ஜே ஏறாம பேட்டரி செத்துப் போச்சு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும்னு கூட யாரும் சொல்லித் தரல. இப்ப எங்க வீட்டு பேட்டரி பெட்டில கோழி முட்டை போடுது.

2023ல பழங்குடிகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் ஜன்மன் திட்டத்துல பணியர் வீட்டுக்கு 300 வாட் சோலார் உண்டுன்னு சொல்றாங்க. ஒரு ஜன்மம் கரண்ட புடுங்கி வச்சிருக்கு, இன்னொரு ஜன்மன் குடுக்குது, சந்தோசம்தான். ஆனா மழை மாசத்துக்கு?

அதுக்குத்தான் ஓடை. வெயில் இல்லாத மாசத்துலதான் ஓடை நெறஞ்சு ஓடும், தை மாசிக்கு மேல ஓடை நூலாயிடும், அப்ப வெயில் இருக்கும். ட்யூப்ல தண்ணி ரொப்பி மட்டம் பாத்தோம், மேல இருந்து கீழ 22 மீட்டர் எறக்கம். போன ஆடில 20 லிட்டர் பக்கெட் ரெண்டே செகண்டுல ரொம்புச்சு, அப்படின்னா செகண்டுக்கு 10 லிட்டர். ஐடிஐ படிச்ச பையன் கணக்கு போட்டான், தண்ணிக்குள்ள 2 கிலோவாட் இருக்குதாம், பாதி வீணாப் போனாலும் 1000 வாட் கைக்கு வரும், வீட்டுக்கு 29 வாட்னு ரெண்டு பல்பு எரிஞ்சு போன் சார்ஜும் போட்டுக்கலாம். அணை கிணை ஒண்ணும் வேணாம், பைப்புல எறங்கி சின்ன டர்பைன சுத்திட்டு அதே ஓடைல தண்ணி திரும்ப விழுந்துரும்.

இதுக்கு ஒரு ஆபீஸ்ல போய் கேட்டா பட்டா நம்பர் இல்லன்னு பாரத்த திருப்பிக் குடுத்துட்டாங்க. அய்யா, 2006 வன உரிமைச் சட்டம் 3(2)ல காட்டு நெலத்துலயே ஊர் வசதிக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள எடம் விடலாம்னு இருக்கு, அந்த லிஸ்ட்ல மரபுசாரா எரிசக்தியும் இருக்கு, கிராம சபை சிபாரிசு பண்ணணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது. நாங்க ஒரு மரம் கூட வெட்டல. காட்டு நெலத்துக்குன்னே போட்ட சட்டத்துக்கு எதுக்கு பட்டா நம்பர்?

இன்னொண்ணு உண்ணிச்செடி, லாண்டானான்னு சொல்ற வெளிநாட்டுப் புதர். ஆள் ஒசரத்துக்கு வளந்து மாடு மேஞ்ச எடமெல்லாம் மூடிருச்சு, அடில ஒரு புல்லு மொளைக்காது, அதுக்குப் பின்னாடி யானை நின்னா பத்தடி வர்ற வரைக்கும் தெரியாது. காண்ட்ராக்ட் ஆளுங்க வந்து மேலோட்டமா வெட்டிட்டுப் போனாங்க, அடுத்த மழைக்கே ரெண்டு மடங்கா துளுத்துருச்சு. மண்ணுக்கு அடில வேர்க்கழுத்துல வெட்டி, தலைகீழா கவுத்துப் போடணும், காய் பழுக்கறதுக்கு முன்னாடி. இது எங்க ஆளுங்களுக்குத் தெரியும். அந்த வேலைய கூலியோட எங்க ஊர் சங்கத்துக்கே குடுங்க. எடுத்த கட்டைய காயவச்சு தேயிலை பேக்டரிக்கு வெறகா விக்கவும் பெர்மிட் வேணும், அந்தக் காசுலதான் பைப்பும் பேட்டரியும் மாத்த முடியும். இந்த செலவுக்கு வீட்டுக்கு மாசம் 60 ரூபா போடவும் பேசி முடிச்சாச்சு, குடுக்காத வீட்டுக்கு என்ன பண்றதுன்னு மட்டும் இன்னும் சண்டை ஓடுது.

மலைக்குக் கீழ மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை பஞ்சாயத்து 2006லயே லோன் போட்டு 350 கிலோவாட் காத்தாலை வாங்கி மிச்ச கரண்ட வித்துச்சு. நாங்க கேக்குறது வெறும் ஒரு கிலோவாட்.

ரிப்பேர் பாக்க ஊர்ப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கு ட்ரெயினிங்கும் குடுத்துருங்க. எடம் பாக்க ஆபீசர அனுப்புனா சாயங்காலம் நாலு மணிக்குள்ள திரும்பற மாதிரி அனுப்புங்க, அதுக்கு மேல ஓடைக்குப் போற தடத்துல யானை எறங்கும், எங்ககிட்ட டார்ச்சு ஒண்ணுதான் இருக்கு.

இப்படிக்கு,
ஊர் மக்கள் (கையெழுத்தும் கைநாட்டும் தனித் தாள்ல)