கட்ச் நிவாரணப் பணியாளர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

2001 ஜனவரி 26 காலை 8.46-க்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டம் நிலநடுக்கத்தில் குலுங்கியது. கேள்விப்பட்டதும் கிளம்பிப்போய் மாதக்கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்தவர்கள் நீங்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து நாங்கள் கேட்டபோது, பரணில் கிடந்த டைரிகளையும் கேசட்டுகளையும் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். தொகுப்பு வேலை முடிந்துவிட்டது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை வீடுகள் இடிந்தன என்பதை அறிக்கைகளில் பார்த்துக்கொள்ளலாம். இடிபாட்டுக்குள் கை வைத்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் அவற்றில் கிடையாது. கட்ச்சின் பச்சாவ் ஊரில் பணிபுரிந்த செவிலியர் அக்கா தந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் இருக்கிறது: ‘மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடப்பவரை அவசரப்பட்டு இழுக்காதே. முதலில் சலைன் ஏற்று.’ தூணைத் தூக்கியதும் நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம் மொத்தமாக ரத்தத்தில் கலக்கும், இதயமே நின்றுபோகலாம். தப்பினாலும் சிறுநீரகம் பழுதாகலாம். வெளியே எடுக்கும்வரை பேசிக்கொண்டிருந்த ஒருவர் கண்முன்னே இறந்த அன்று இரவு அவர் அதை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை எங்களிடம் தர அவருக்கு எவ்வளவு மனவலிமை வேண்டியிருந்திருக்கும்!

லாரி ஓட்டிய அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சாலையோர ஊர்களில் பழந்துணி மலையாகக் குவிந்ததையும், உள்ளே தள்ளியிருந்த கிராமங்களில் ஜனவரிக் குளிரில் கம்பளி இல்லாமல் மக்கள் வெட்டவெளியில் படுத்திருந்ததையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நிலநடுக்கத்தைத் தாங்க, கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை போடும் முறையைப் படம் வரைந்தே விளக்கிய கொத்தனாருக்கும், குஜராத்திப் பேச்சைத் தமிழாக்கிய தோழிகளுக்கும், மறைந்த அப்பாவின் குறிப்புகளை நம்பி ஒப்படைத்த குடும்பத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கட்ச் அனுபவம் கைகொடுத்தது. அன்று அது ஆட்களோடு வந்து சேர்ந்தது. அவர்களில் சிலர் இன்று இல்லை, பலருக்கு வயதாகிவிட்டது. இனி வருபவர்களுக்கு உங்கள் எழுத்துதான் துணை என்பதால்தான் இவ்வளவு பிடிவாதமாக உங்களைத் தொந்தரவு செய்தோம்.

மூல டைரிகள் பத்திரமாக உங்கள் வீடு வந்து சேரும். பிரதிகளை மீட்புப் பயிற்சி தருபவர்களுக்குக் கொடுக்கிறோம். உங்களோடு வேலை செய்த வேறு யாரிடமாவது குறிப்புகள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், நாங்களே நேரில் வருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்