1888–89 லீக் சுவர்ப்படம்: புள்ளிக் கணக்கு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நார்த் எண்ட் கால்பந்து அணியின் 1888–89 லீக் சீசன் சுவர்ப்படத்தை வாங்கிய பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். 22 ஆட்டத்தில் 18 வெற்றி, 4 டிரா என்றால் 58 புள்ளி வர வேண்டாமா, 40 என்று ஏன் அச்சிட்டிருக்கிறீர்கள் என்று. அச்சுப்பிழை இல்லை. அன்று வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. இங்கிலாந்து லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளி வந்தது 1981–82 சீசனில்தான். 1888 செப்டம்பர் 8-ம் தேதி ஆட்டங்கள் தொடங்கியபோது புள்ளி முறையே முடிவாகியிருக்கவில்லை. நவம்பரில்தான் முடிவு செய்தார்கள்.

3 புள்ளி வைத்துக் கூட்டினாலும் பிரெஸ்டன்தான் முதலிடம். ஆனால் நடுவில் வரிசை கலைந்துவிடும். ஆக்ரிங்டனும் எவர்டனும் தலா 20 புள்ளி. ஆக்ரிங்டன் 6 வெற்றி, 8 டிரா. எவர்டன் 9 வெற்றி, 2 டிரா. 3 புள்ளிக் கணக்கில் எவர்டன் 29, ஆக்ரிங்டன் 26 என்று மாறி, எவர்டன் மேலே ஏறிவிடும். டிராவுக்கு அன்று இருந்த மதிப்பு அதில் காணாமல் போய்விடும்.

அடுத்த குழப்பம் கடைசி இரண்டு இடங்கள். நாட்ஸ் கவுன்டி, ஸ்டோக் இரண்டுக்கும் 12 புள்ளி. நாட்ஸ் கவுன்டி 40 கோல் போட்டு 73 வாங்கியது. ஸ்டோக் 26 போட்டு 51 வாங்கியது. இப்போது பழகிய கோல் வித்தியாசப்படி பார்த்தால் −33, −25. அப்படியானால் ஸ்டோக் அல்லவா மேலே? இல்லை. அன்று பார்த்தது கோல் சராசரி. கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: போட்ட கோலை வாங்கிய கோலால். 40-ஐ 73-ஆல் வகுத்தால் 0.548. 26-ஐ 51-ஆல் வகுத்தால் 0.510. ஆகவே ஸ்டோக் கடைசி. சில பழைய பட்டியல்களில் நாட்ஸ் கவுன்டிக்கு 39 கோல் என்றிருக்கும்; அப்போதும் 0.534 வருவதால் இடம் மாறாது. கோல் சராசரி முறை 1976 வரை நீடித்தது.

படத்தின் ஓரத்தில் உள்ள வெற்றுக் கட்டங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான். மூன்று தசம இடம் வரை போடுங்கள். இரண்டோடு நிறுத்தினால் நெருங்கிய அணிகள் சமமாகத் தெரியும். பிரெஸ்டன் 74 போட்டு 15 வாங்கியது, சராசரி 4.933. இன்னொரு கோல் போட்டிருந்தால் 5.000 ஆகியிருக்கும், ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தால் 4.625-க்கு இறங்கியிருக்கும். குறைவாக கோல் வாங்கும் அணிக்கு ஒரு கோல் வாங்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இந்த முறையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எங்களுக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த கட்டமும் இதுதான்.

லீக்கிலிருந்து தனியாக நடந்த நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் வரிசையில் சராசரிக் கட்டம் இல்லாததற்கும் காரணம் உண்டு. ஐந்து ஆட்டத்தில் பிரெஸ்டன் 11 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. இறுதி ஆட்டத்தில், 1889 மார்ச் 30-ம் தேதி கென்னிங்டன் ஓவலில், உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸை 3–0 என்று வென்றது. லீக்கில் வாங்கிய 15 கோலையும் கோப்பைக் கணக்கையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு போட்டி.

தலைப்பில் "முதல் டிவிஷன்" (லீக்கின் மேல் அடுக்கு) என்று போடாததையும் சிலர் கேட்டார்கள். அந்த ஆண்டு டிவிஷனே கிடையாது. 12 அணி, ஒரே லீக். ஆறு லங்காஷயரிலிருந்து, ஆறு மிட்லண்ட்ஸிலிருந்து, லண்டனிலிருந்து ஒன்றும் இல்லை. இரண்டாம் டிவிஷன் 1892-ல்தான் வந்தது. அதனால் கீழே இறக்கப்படுவது என்பதும் இல்லை. கடைசி நான்கு அணிகளான பர்ன்லி, டார்பி கவுன்டி, நாட்ஸ் கவுன்டி, ஸ்டோக் மறுபடி விண்ணப்பித்து ஓட்டில் ஜெயிக்க வேண்டியிருந்தது. நான்குமே திரும்ப வந்தன.

மைதானப் படத்தில் பெனால்டி புள்ளியும் கோல் வலையும் இல்லாதது தவறுதலால் அல்ல. பெனால்டி விதி 1891-ல் வந்தது, வலை லீக்கில் பரவியதும் அந்தக் காலத்தில்தான். கோல் கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம் என்பதால் அவருக்கென்று பெட்டியும் வரையவில்லை. வீரர்களை 2–3–5 என்று நிறுத்தியிருக்கிறோம்: பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். சட்டையில் எண் கிடையாது.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி: 12 அணிகளும் போட்ட கோல்களைத் தனியாகவும் வாங்கிய கோல்களைத் தனியாகவும் கூட்டுங்கள், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். புள்ளிகளின் மொத்தம் 264 வர வேண்டும். 132 ஆட்டம், ஆட்டத்துக்கு 2 புள்ளி. உங்கள் பிரதியில் இவை பொருந்தாவிட்டால் படத்தைச் சுருட்டி அனுப்புங்கள், மடிக்க வேண்டாம். வேறு பிரதி தருகிறோம்.

இப்படிக்கு,
சுவர்ப்படக் கடையினர்