கசாபுக்கு வக்கீல் எதற்கு என்று கேட்ட நண்பனுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மரகதம் உடனே பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டாள். இங்கே தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் வஞ்சிரம் வருகிறது, விலைதான் கையைக் கடிக்கிறது.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது என்னைத் தூங்கவிடவில்லை. "குண்டு வைத்தவனுக்கு எதற்கு வக்கீல், எதற்கு அப்பீல்? கசாபுக்குக்கூட வக்கீல் வைத்துக் கொடுத்த நாடு இது. இராணுவத்திடம் கொடுத்து ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும்" என்று கேட்டிருந்தாய். செத்துக் கிடந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த ஆத்திரம் அது. எனக்கும் அந்த ஆத்திரம் உண்டு. ஆனால் தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாகவே வாழ்நாளைக் கழித்தவன் நான். பதில் எழுதாமல் இருக்க முடியாது.

இராணுவத்திடம் கொடுத்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது, அமெரிக்கா. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த இரண்டே மாதத்தில், 2001 நவம்பரில், வழக்கமான நீதிமன்றத்துக்குப் பதில் இராணுவ அதிகாரிகளே தீர்ப்புச் சொல்லும் இராணுவ ஆணையங்கள் விசாரிக்கட்டும் என்று அதிபர் புஷ் உத்தரவு போட்டார். 2002 ஜனவரியிலிருந்து, கியூபாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில் ஏறக்குறைய 780 பேரை அடைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. தாக்குதலுக்குத் திட்டம் போட்டவன் என்று சொல்லப்படும் காலித் ஷேக் முகமது 2003 மார்ச்சில் ராவல்பிண்டியில் பிடிபட்டான். முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைக்கும் சித்திரவதையை அந்த ஒரே மாதத்தில் அவனுக்கு 183 முறை செய்ததாக அமெரிக்க அரசின் ஆவணமே சொல்கிறது. அப்படி அடித்து வாங்கிய பேச்சில் எதை நீதிபதி முன்னால் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற வாதத்திலேயே ஆண்டுகள் கரைந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மரண தண்டனை இல்லை என்று 2024 ஜூலையில் ஓர் உடன்பாடு வந்தது. இரண்டு நாளில் பாதுகாப்பு அமைச்சர் அதை ரத்து செய்தார். ரத்து செல்லும் என்று 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஏறக்குறைய 3,000 உயிர்கள் போன வழக்கு முருகேசா, பெற்றவர்கள் தீர்ப்பைப் பார்க்காமலே செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மும்பையை எடுத்துக்கொள். 2008 நவம்பர் 26இல் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். சுட்டவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாபுக்கு நீதிமன்றமே வக்கீல் கொடுத்தது. 2010 மே மாதம் தீர்ப்பு. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரனை அமர்த்தி, அவர் வாதத்தை வரிவரியாகக் கேட்டு, 2012 ஆகஸ்டில் தண்டனையை உறுதி செய்தார்கள். நவம்பர் 21இல் எரவாடா சிறையில் தூக்கு. தூக்குத் தண்டனையே எனக்கு ஒப்பாது, அது வேறு பேச்சு. நான்கு ஆண்டுக்குள் வழக்கு முடிந்தது என்பதைப் பார். தாக்குதலுக்கு வரைபடம் கொடுத்தார்கள் என்று அவனோடு நிறுத்தப்பட்ட இந்தியர் இருவரை அதே நீதிமன்றம் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. உன் ஒரு வாரத்தில் அந்த இருவரும் என்ன ஆகியிருப்பார்கள்?

நம் பூந்தமல்லி கோர்ட்டை நீ மறந்திருக்க மாட்டாய். ராஜீவ் கொலை வழக்கில், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டப்படி அமைந்த அந்த நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டுமே அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள். மீதி 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. அப்பீல் என்ற ஒன்று இல்லாமலிருந்தால் அந்தப் பத்தொன்பது பேருக்கும் கயிறுதான்.

இராணுவத்துக்குள்ளேயும் மனிதர்கள் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பின்லாடனின் கார் ஓட்டியாக இருந்த ஹம்தானுக்கு வாதாட அமெரிக்கக் கடற்படை அதிகாரி சார்லஸ் ஸ்விஃப்டை நியமித்தார்கள். ஒப்புக்கு நின்றுவிட்டுப் போகாமல், தன் அரசையே எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். அந்த ஆணையங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 2006 ஜூனில் தீர்ப்பு வாங்கினார். பிறகு அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. என் தொழிலில் நான் கும்பிடுகிற ஆட்களில் அவர் ஒருவர்.

நெருக்கடி நிலையில் உன் அண்ணனை, விசாரணை இல்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் கொண்டுபோனார்களே, அதை நினைத்துப் பார். என்ன குற்றம் என்று யாராவது சொன்னார்களா? பிடித்து வைத்தவரை நீதிபதி முன் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று நானும் நீயும் ஹைகோர்ட்டுக்கு ஓடினோம். 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் அடைத்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாட்டேன் என்றார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. அன்று சென்ட்ரல் ஜெயில் வாசலில் உன் அம்மா அழுத அழுகையை நீ பார்த்தாய். குவாண்டனாமோ கைதிகளும் அதே மனுவைப் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008 ஜூனில் சொன்னபோது எனக்கு உன் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இங்கே இப்போதும் வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் பெண்கள் குண்டர் சட்ட ஆணையைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு தம்புச் செட்டித் தெருவுக்கு வருகிறார்கள். மகன் புழலில் இருப்பான். விசாரணை இல்லாமலே ஓராண்டு வைக்கலாம். காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் நிற்க முடியாது. அவர்கள் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகலில் எழுத்து தெரியவில்லை என்று எத்தனையோ ஆணைகளை ஹைகோர்ட் ரத்து செய்திருக்கிறது. பயங்கரவாதிக்கு மட்டும் என்று சொல்லித் தளர்த்தும் விதி பயங்கரவாதியோடு நிற்பதில்லை. திருச்சிப் பக்கத்துக்காரரான பாதிரியார் ஸ்டேன் சுவாமியை, பயங்கரவாதத்துக்கு எதிரான ஊபா சட்டத்தில் கைது செய்தார்கள். கை நடுங்கும் பார்கின்சன் நோயாளி, தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழல் கேட்டு மனுப் போட்டார். விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலையில், 84 வயதில், காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றம் சொல்லும்?

கோபம் இருந்தால் திட்டி எழுது, ஆனால் எழுது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்கத் தொடங்கியதும் இங்கே வந்து ஒரு மாதம் இரு. மெட்ரோ இப்போது விம்கோ நகர் வரை போகிறது. தண்டையார்பேட்டையில் இறங்கினால் வீடு பக்கம், நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது.

அன்புடன்,
எத்திராஜ்