நர்சிங்குக்கு உயிரியல் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளிவந்த கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர், தமக்கு உயிரியலில் மிகுந்த ஆர்வம் இருப்பதாகவும், நர்சிங்கும் படிக்க விரும்புவதாகவும், கல்லூரியில் இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். தங்கள் கல்வி ஆலோசகரோ, "உயிரியலில் உண்மையான ஆர்வம் இருந்தால் விலங்கியலோ நுண்ணுயிரியலோ எடுத்துப் படியுங்கள், நர்சிங்குக்குப் பாட ஆர்வத்தைவிடப் பொறுமையும் சேவை மனப்பான்மையுமே முக்கியம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விலங்கியலில் பட்டம் பெற்று, அதன்பின் நர்சிங் படித்து, வார்டிலும் வகுப்பறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எங்களுடைய பொறுமையைப் பாராட்டியதற்கு ஆலோசகருக்கு நன்றி. அந்தப் பொறுமை அவருடைய பதிலைப் படித்ததும் தீர்ந்துபோனது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துக் குறைந்தது 45 சதவீத மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கு வேண்டும் என்பதும், ஆங்கிலத்தில் தனியாகத் தேறியிருக்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. பொறுமைக்கு எங்கும் மதிப்பெண் கேட்டதாக நினைவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் மாற்றியமைத்த எட்டுப் பருவப் பாடத்திட்டத்தை ஆலோசகர் ஒருமுறை புரட்டியிருந்தாலே போதும். முதல் பருவத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும், இரண்டாம் பருவத்தில் உயிர்வேதியியலும் சத்துணவியலும், மூன்றாம் பருவத்தில் ஆய்வகத்தோடு கூடிய நுண்ணுயிரியல், அதையொட்டி மருந்தியல், நோயியல், நான்காம் பருவத்தில் மரபியல் என்று முதல் இரண்டாண்டு முழுவதும் அந்த மாணவி கேட்ட உயிரியல்தான் நிரம்பிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா என்று கேட்ட பெண்ணிடம், "நீ கேட்கும் படிப்பின் பெயரே நர்சிங்தான் அம்மா" என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆண்கள் மருத்துவ வார்டில் என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றிப்போன முதியவருக்கு நரம்பு வழியாகச் சலைன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "மேடம், இவருக்குத் தண்ணீர்தானே குறைந்திருக்கிறது, ஊசி மருந்து கரைக்கிற டிஸ்டில்டு வாட்டரையே ஏன் ஏற்றக் கூடாது?" என்று கேட்டாள். அருகில் நின்ற மூத்த சிஸ்டர், கேள்வி கேட்காமல் வேலையைப் பார் என்று அதட்டினார். நான் அந்தப் பெண்ணிடம், பிளஸ் ஒன் தாவரவியல் ஆய்வகத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீரில் நிறுத்திவைத்து, குண்டூசி குத்திய மட்டத்திலிருந்து கரைசல் மேலே ஏறியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம், ரெக்கார்டு நோட்டில் படமும் போட்டுக் கையெழுத்தும் வாங்கினாளாம். அந்தக் கிழங்கின் செல்லுக்குள் நீர் புகுந்ததுபோலவே வெறும் நீரை ஏற்றினால் ரத்தச் சிவப்பணுவுக்குள்ளும் புகும் என்றும், தாவர செல்லுக்குச் சுவர் இருப்பதால் அது தாங்கும், சிவப்பணுவுக்குச் சுவர் இல்லாததால் அது வெடிக்கும் என்றும், ரத்தத்தின் செறிவுக்கு ஒத்துவருவதற்காகவே சலைனில் 0.9 சதவீத உப்பு இருக்கிறது என்றும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் எதையும் மாட்டியதில்லை. பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் ஏன் நின்றுவிடும், இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜாக்ஸின் மருந்தைக் கொடுக்கும் முன் நாடித்துடிப்பை ஏன் எண்ண வேண்டும் என்பவற்றையும் இப்படி விளங்கிக்கொண்டவள்தான், நள்ளிரவில் டாக்டர் இல்லாத நேரத்தில் மருந்தை நிறுத்திவைத்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பாள். இதில் சேவை மனப்பான்மை எங்கே வருகிறது என்று ஆலோசகரே சொல்லட்டும்.

என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலங்கியல் படித்தபோது மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியை வண்ணப் பென்சிலால் வரைந்து, ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டதை மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு நர்சிங் மாணவியாக வார்டில் மலேரியா நோயாளியின் காய்ச்சல் அட்டையைக் குறித்துக்கொண்டு போனபோது, கோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலைபோல எழும்பி இறங்கியது. 48 மணி நேரத்துக்கொரு முறை சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு ஒட்டுண்ணிகள் கூட்டமாக வெளிவருவதன் வரைபடம்தான் அது என்று எனக்குப் புரிந்தது. விலங்கியல் ஆசிரியர்களும் அதைச் சொன்னதில்லை, நர்சிங் ஆசிரியர்களும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்கு நர்சிங் பள்ளியில் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? செல் என்றால் என்ன என்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்து, மறுபடி தேர்வு எழுதினேன். இன்றும் விலங்கியலிலோ நுண்ணுயிரியலிலோ பட்டம் பெற்ற பெண் நர்சிங்குக்கு வந்தால் எட்டுப் பருவமும் முதலிலிருந்தே படிக்க வேண்டும். அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்கள் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை முன்பே முடித்திருந்தால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் நர்சிங் பட்டம் பெறுவதற்கென்றே படிப்புகள் இருக்கின்றன. இங்கே ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தபோது தாங்கள் முதல் பக்கத்தில் செய்தி போட்டீர்கள். காலையில் வார்டுக்குப் போய் மாலையில் வகுப்புக்கு ஓடும் நர்சிங் மாணவி இன்னொரு கல்லூரியில் எந்த நேரத்தில் போய் உட்காருவாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் பாடம் எடுத்து, கட்டுக் கட்டவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் பள்ளியிலேயே கற்றுக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் படிக்காததால் அவர்களுக்குப் பி.எஸ்ஸி. நர்சிங்கின் கதவு மூடியிருக்கிறது. அறிவியல் வேண்டும் என்ற விதியை நான் குறை சொல்லவில்லை, வேண்டும்தான். பதினைந்து வயதில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்வதற்குத் தங்கள் கல்வி இணைப்பில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்களுக்குக் கிடைக்கும் இடம் எது என்பதும் தெரிந்ததுதான். ஆண்டுதோறும் செவிலியர் தினமான மே 12ஆம் தேதி கையில் மெழுகுவத்தியோடு மாணவிகள் வரிசையாக நிற்கும் படமும், அதன்மேல் 'வெண்ணிற தேவதைகள்' என்ற தலைப்பும் தவறாமல் வரும். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள்மீது பூத்தூவினார்களே, அப்போதும் தாங்கள் அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். ஆக்ஸிஜன் அளவு எத்தனைக்குக் கீழே போனால் யாருக்கு எப்படி மூச்சுக் கொடுக்க வேண்டும் என்று நின்றபடியே கணக்குப் போட்ட பெண்களைப் பற்றி அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரிலும் டெல்லியிலும் 1946இலேயே அது பட்டப்படிப்பாக உயர்ந்துவிட்டது. இன்னும் எங்களைத் தேவதைகளாகவே வைத்திருக்க விரும்புகிறீர்கள். தேவதைக்குப் பாடப்புத்தகம் எதற்கு என்று ஆலோசகர் நினைத்ததில் வியப்பில்லை.

எங்கள் கல்லூரிகளும் யோக்கியமில்லை என்பதை மறைக்க மாட்டேன். உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் தலா 60 மணி நேரம்; இரண்டையும் சேர்த்து ஒரே தேர்வுத்தாள். பல இடங்களில் பாடம் நடத்த வெளியிலிருந்து ஒருவர் வருவார். இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போய்விடுவார். வார்டில் நிற்கும் டியூட்டருக்கு அவர் என்ன நடத்தினார் என்று தெரியாது. அவருக்கு வார்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஒரே கட்டடத்துக்குள் உயிரியலும் நர்சிங்கும் முகம் பார்க்காத சம்பந்திகளாக இருக்கின்றன. கூடுதல் மணி நேரமோ நிரந்தர ஆசிரியரோ கேட்டு நிர்வாகத்திடம் போனபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், "நர்சுக்கு இவ்வளவு போதும் மேடம்" என்பதே. தங்கள் இணைப்பில் அச்சானது அதே பதில்தான், சற்று நாகரிகமான நடையில்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இணைப்பில், அதே பகுதியில், அதே எழுத்தளவில், பி.எஸ்ஸி. நர்சிங் சேர்க்கைக்கான தகுதியையும் முதல் நான்கு பருவங்களின் உயிரியல் பாடங்களையும் வெளியிடுங்கள். இனி இப்படிப்பட்ட கேள்விகள் வந்தால், பதில் எழுதும் முன் நர்சிங் கல்லூரி ஆசிரியர் யாரையேனும் தொலைபேசியிலாவது கேட்கும்படி ஆலோசகருக்குச் சொல்லுங்கள். இடப் பற்றாக்குறை இருந்தால் என் கடிதத்தைத் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளலாம்; தேவதைகள் பற்றிய பகுதி தங்களுக்கு உவப்பாக இல்லையென்றால் அதையும் எடுத்துவிடலாம். பாடங்களின் பட்டியலில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் டியூட்டர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.