கடன் கேட்டு வரும் தோழியிடம் தூக்கத்தையும் விசாரியுங்கள்

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும், ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புத் தோழியருக்கு வணக்கம்.

மனநல மருத்துவப் பணியில் இருக்கும் நாங்கள் உங்களிடம் ஒரு உதவி கேட்டு எழுதுகிறோம். உங்கள் குழுக்களில் இருமுனையப் பிறழ்வோடு, அதாவது இப்போது பலரும் 'பைபோலார்' என்று சொல்லும் நோயோடு, வாழும் பெண்களுக்கு நீங்கள் துணை நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் அவரைப் பார்த்து மாத்திரை எழுதித் தருகிறோம். மீதி நாளெல்லாம் அவரைத் தண்ணீர்க் குழாயடியிலும் நூறு நாள் வேலையிலும் குழுக் கூட்டத்திலும் பார்ப்பவர்கள் நீங்கள்.

2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. ஒரு ஊராட்சியில் இருபது குழு, குழுவுக்குப் பதினைந்து பேர் என்று வைத்தால் முந்நூறு பெண்கள். ஒருவராவது இருவராவது உங்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த நோயில் மனம் சில காலம் சோர்ந்து கிடக்கும், சில காலம் அளவுமீறி எழுச்சியில் இருக்கும். சோர்வைக் கண்டுபிடிப்பது எளிது. குளிக்காமல், சமைக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை யாரும் கவனித்துவிடுவார்கள். எழுச்சிதான் ஏமாற்றும். தொடக்கத்தில் அது நோய் மாதிரியே இருக்காது. முகம் தெளிந்திருக்கும், பேச்சு கூடும், விடிகாலை மூன்று மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார், கூட்டத்தில் புதுப்புது யோசனை சொல்வார். "இப்பத்தான் பிள்ளை தேறி வர்றா" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சில வீடுகளில் சாமி இறங்கியிருக்கிறது என்பார்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்? கவலையில் தூங்காதவர் மறுநாள் துவண்டு கிடப்பார். எழுச்சி தொடங்கியவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் திரிவார். இரண்டு இரவு இப்படிப் போனால் மூன்றாம் நாளே மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால், தனக்கு நோய் என்பதையே அவர் ஏற்கமாட்டார். அப்புறம் எல்லாமே மல்லுக்கட்டுதான்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, படுத்த மணி, எழுந்த மணி, மாத்திரை போட்டதற்கு ஒரு டிக். அவரே எழுதட்டும். வாரக் கூட்டத்தன்று அவர் நம்பும் ஒரு தோழி மட்டும் அதைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

அடுத்தது பணம். எங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்த விஷயம் இது. எழுச்சியில் இருப்பவருக்கு எந்த முதலீடும் பெரிதாகத் தெரியாது. ஒரு தையல் மெஷின் வாங்க நினைத்தவர் ஆறு வாங்கிக் கடை போடுவேன் என்பார். குழுக் கடன் போதாதென்று நுண்கடன் நிறுவனத்தில் ஒன்று, வட்டிக்காரரிடம் ஒன்று, அடகுக் கடையில் தாலிக்கொடி என்று போகும். நாலு வாரம் கழித்து எழுச்சி இறங்கிச் சோர்வு வரும்போது, வாசலில் தவணைக்காரர் நிற்பார். அந்த நேரத்துக் கடன்சுமை உயிருக்கே ஆபத்து.

அவர் நன்றாக இருக்கும் மாதங்களில் அவரோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். எழுச்சி வரும்போது தன்னிடம் முதலில் மாறுவது எது என்பதை அவரே சொல்லட்டும்: ஒருவர் விடாமல் போன் போடுவார், ஒருவர் எல்லாருக்கும் சேலை வாங்கித் தருவார். அந்த அறிகுறி கண்டால் யார் வந்து அவரிடம் பேசுவது, எந்த மருத்துவமனை, வங்கிக் கார்டு யாரிடம் இருக்க வேண்டும், எவ்வளவு தொகைக்கு மேல் கடன் கேட்டால் ஏழு நாள் தள்ளிப்போட வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டும். நீங்கள் முடிவு செய்து அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கினால், தேவைப்படும் நாளில் அது செல்லாக்காசு. ஒரு பிரதி அவரிடம், ஒன்று அந்தத் தோழியிடம். தீர்மானப் புத்தகத்தில் எழுதவே கூடாது. அது பத்துப் பேர் கை மாறுவது.

அவர் நலமாக இருக்கும்போது இதையே காரணம் காட்டிக் கடன் மறுக்கவும் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் வங்கிக் கடன் பெறவும் சம உரிமை தருகிறது. மனநோயால் வரும் மாற்றுத்திறனும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

லித்தியம் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அதைப் பற்றி எழுதிய நாள் முதல் கைகொடுத்துவரும் மருந்து அது. தற்கொலையைக் குறைப்பதில் அதற்கு இணை குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பெரும்பாலானோருக்குப் போதும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. அதனால் மருந்து தொடங்கி அல்லது அளவை மாற்றி ஒரு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, அளவு நிலைபெற்ற பின் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கூடவே தைராய்டு, சிறுநீரகம், கால்சியம்.

பரிசோதனை வீணாகப் போவது இரண்டு இடத்தில். கடைசி மாத்திரை போட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போட்டவர் காலை எட்டு மணிக்குக் கை நீட்ட வேண்டும். காலையிலும் மாத்திரை உண்டென்றால் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினால் அளவு ஏறிக் காட்டும், மருத்துவரும் மருந்தைக் குறைத்துவிடுவார், நோய் திரும்பும். இரண்டாவது, ரத்தம் பிடிக்கும் குழாய். பச்சை மூடிக் குழாய்கள் சிலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற மருந்தே பூசியிருப்பார்கள். அதில் எடுத்தால் இல்லாத லித்தியமும் கணக்கில் சேரும். "லித்தியம் டெஸ்டுங்க, பச்சை மூடி வேண்டாம்" என்று உடன் போகும் தோழி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லித்தியமும் ஒருவகை உப்புதான். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறையும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர வெயிலில் மண் வெட்டப் போகும் நாள், விரதம், வாந்தி பேதி இதெல்லாம் ஆபத்தான நாட்கள். மருத்துவர் சொல்லாமல் திடீரென்று உப்பை நிறுத்துவதும் அப்படித்தான். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் லித்தியத்தை ஏற்றிவிடும். காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால் போதும். எனலாப்ரில், லோசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் ஏற்றும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்கள் உங்கள் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தானே. வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும். லித்தியம் என்றால் சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லட்டும். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறி, வாந்தி பேதியும் இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது.

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மாத்திரை உண்டு. கருவுற்ற காலத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தை உடற்குறையோடு பிறக்கக்கூடும், மூளை வளர்ச்சியும் பாதிக்கலாம். பிள்ளை பெறும் வயதில் இருப்பவருக்கு அது எழுதியிருந்தால் மாற்று உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். தானாக நிறுத்த வேண்டாம். திடீர் நிறுத்தம் நோயைக் கிளப்பும். கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரையை நிறுத்தி, மறுவீட்டுக்குள் நோய் திரும்பும் பெண்கள் எத்தனையோ பேர். பிரசவமான முதல் சில வாரங்களும் மிகக் கவனம்: இந்த நோயுள்ள தாய்மார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்போது கடுமையாக வரும். ராத்திரி குழந்தையை யாராவது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்கவிடுவது அந்த வாரங்களில் மாத்திரை அளவுக்கு முக்கியம்.

சோர்வில் இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துப்போனால், முன்பு எப்போதாவது எழுச்சி இருந்ததா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். "போன வருஷம் பத்து நாள் தூங்காம ஓயாம பேசினா" என்ற ஒரு வரி போதும். அது தெரியாமல் சோர்வுக்கான மருந்து மட்டும் கொடுத்தால் எழுச்சி பொங்கிவரலாம். "மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு டம்ளர் கஞ்சியோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து அந்த வீட்டில் இருக்கக் கூடாது. மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மட்டும் அவர் கையில். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவும் பகலும் தமிழில் பேசலாம். அவசரத்துக்கு 108.

கோயிலுக்கோ தர்காவுக்கோ வேண்டிக்கொண்டு போனால் தடுக்காதீர்கள், மாத்திரையும் கூடவே போகட்டும். கட்டிவைப்பதை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில், நோய் முற்றும் காலத்தில் தனக்காகப் பேச ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமித்துக்கொள்ளலாம். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குழுத் தோழியாகவும் இருக்கலாம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மாவட்ட மனநலத் திட்டக் குழுவைக் கூப்பிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். யாருக்கு நோய் என்று அங்கே கேட்க வேண்டாம். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கி நின்றால் அவரோடு நடந்து போங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வருபவரின் முதல் கூட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள். அவர் வராத வாரங்களுக்கு அபராதம் போடாதீர்கள். பிரசவத்துக்குப் போனவருக்கு எழுதுவது போல விடுப்பு என்று எழுதுங்கள். அவர் ஊக்குநராக இருந்தவர் என்றால், அன்றைய வருகைப் பதிவை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனநல மருத்துவப் பணியாளர்கள்