ஆட்சேபணை எதுவும் வரவில்லையாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று வகுக்கும் எங்கள் நகரின் புதிய முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியின் கடைசிப் பத்தியில், “பொதுமக்களிடமிருந்து குறிப்பிடத்தக்க ஆட்சேபணை எதுவும் வரவில்லை” என்று ஒரு வரி இருந்தது. சொன்னவர் அதிகாரி, கேட்டதை அப்படியே அச்சிட்டவர்கள் தாங்கள். இரண்டு பக்க ஆட்சேபணை மனுவை நேரில் கொடுத்து, தேதியுடன் அலுவலக முத்திரையும் வாங்கி வந்திருக்கும் நான் பொதுமக்களில் சேர்த்தியில்லையா, அல்லது என் மனு குறிப்பிடத்தக்கதாக இல்லையா என்பதைத் தெரிந்துகொண்டால் மனம் ஆறுதல் அடையும்.

நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரைபடம் பார்த்துப் பழகிய எனக்கே அந்த அலுவலகத்தில் வைத்திருந்த படத்தைப் படிப்பது பெரும்பாடாகிவிட்டது. எழுத்தர் ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் அது தொங்கியது. கோப்பு அலமாரி அதன் வடக்குப் பகுதியை மறைத்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர் என்ற அளவில் வரைந்த படத்தில், மூன்று மீட்டர் அகலமுள்ள பாசன வாய்க்கால் 0.3 மில்லிமீட்டர்தான் வரும். அதாவது ஒரு பேனாக் கோட்டின் கனம். அந்தக் கோடாவது இருக்கிறதா என்று நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, “உங்க இடம் ஏதாவது இதுல போகுதா சார்?” என்று எழுத்தர் கேட்டார். இல்லை என்றேன். “அப்புறம் என்ன சார்?” என்றார். தன் நிலத்துக்குக் கேடு வந்தால் ஒழிய ஊரைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமையில்லை என்பது அங்கே எழுதாத விதி போலும்.

1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வரைவை அறிவித்து, எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் தர இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அவகாசம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், தங்கள் நாளிதழிலேயே அந்த அறிவிப்பு வந்திருந்தது.

என் மனுவில் இருந்தது ஒரே விஷயம். ஊரின் வடக்கே வருவாய்க் கணக்கில் இன்றும் நன்செய் என்று இருக்கும் நிலத்துக்குக் குடியிருப்புப் பகுதி என மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். கிராம வரைபடத்தில் தெளிவாக உள்ள வாய்க்கால் புறம்போக்கு இந்தப் படத்தில் சாலையாகிவிட்டது. மழைநீர் எந்த வழியாக ஏரிக்குப் போகும் என்று கேட்டிருந்தேன். மனைகள் விற்று முடிந்த இடத்துக்கெல்லாம் மஞ்சள் பூசுவதற்குப் பெயர் திட்டம் என்றால், அதற்குத் திட்டக் குழுமம் எதற்கு? மனை விற்பவர்களின் விளம்பரத் தாள்களைச் சேர்த்து ஒட்டினால் போதுமே.

இது இன்று தொடங்கியதும் அல்ல. பழைய முழுமைத் திட்டத்தில் பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கிய இடம் எங்கள் தெருவை ஒட்டி இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வராவிட்டால், அல்லது உரிமையாளரிடம் பேசி வாங்காவிட்டால், அந்த ஒதுக்கீடு தானாகவே நீங்கிவிடும் என்பது அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவு. உரிமையாளரைக் காலமெல்லாம் காக்க வைக்கக் கூடாது என்பதால் அந்தப் பிரிவு நியாயமானதுதான். ஆனால் ஒதுக்கியவர்கள் அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. இன்று அங்கே திருமண மண்டபம் நிற்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதன் வாகன நிறுத்தத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டதென்றால் அந்தக் கவலையே இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட்டுக்குச் சற்றே கூடுதல். என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் 72 சென்ட், 73 சென்ட் என்று உட்பிரிவு கேட்டு வந்த மனுக்களை நினைத்தால், எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு வராது என்று இனி எவரும் சொல்லக் கூடாது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் மறு ஆண்டே வந்ததும் நினைவிருக்கும். சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய ஏழை எளியவர்களை நான் குறை சொல்லவில்லை. வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டிவிட்டு அவர்கள் இன்னும் சாக்கடைக்காகக் காத்திருக்கிறார்கள். மனை போட்டு விற்றுவிட்டுப் போனவர்களை எவரும் தேடவில்லை. அடுத்த வரன்முறைக்கான மனைகள் எங்கே முளைக்கும் என்று இந்த வரைவைப் பார்த்தே விரல் வைத்துச் சொல்லலாம்.

இவ்வளவு எழுதிவிட்டு நான் கேட்பது சிறியதுதான். அரசின் ஒப்புதலுக்குப் போகும் முன், இந்த வரைவின் ஒவ்வொரு வார்டு படத்தையும், சர்வே எண்கள் படிக்கத் தெரியும் அளவில், தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வெளியிட வேண்டும். வந்த ஆட்சேபணைகள் எத்தனை, அவற்றுக்குச் சொன்ன பதில் என்ன என்பதையும் தங்கள் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டும். முத்திரையிட்ட என் மனுவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைப் பிரசுரிக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரியை அடுத்த முறை சந்திக்கும்போது செய்தியாளர் கையில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்